ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாசம்

என் அன்பான அப்பா,

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. நல்ல இடத்தில்தான் இருப்பீர்கள் என்று அடக்கப் பூசையில் பங்குச் சுவாமி சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மா, "அது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று முணுமுணுத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு புளத்கொகுபிட்டிய ரோட்டில் இறங்கிவிடுவீர்கள். மத்தியானம் திரும்பும்போது தலை ஈரமாக இருக்கும், மேலெல்லாம் சந்தனச் சோப்பு வாசம். நம் வீட்டில் சிவப்புச் சோப்புதான் என்பது லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியும். "எங்க போனீங்க?" என்று அம்மா கேட்டால், "ஒரு வேலையா" என்பீர்கள். வேறு வீட்டில் குளித்துவிட்டு வரும் புருஷனைப் பற்றி ஒரு பெண் என்னதான் நினைப்பாள்? நானும் அதையேதான் நினைத்தேன். நான்கு வருடமாக, கொடியில் தொங்கும் உங்கள் சட்டையைத் திருட்டுத்தனமாக முகர்ந்து பார்த்தவன் நான்.

உங்களை அடக்கம் செய்த மூன்றாவது வாரம், ஆட்டோவில் பாண் ரொட்டி விற்க வருபவர் ஒரு சேதி கொண்டுவந்தார். "தம்பி, மேல் வளைவு வீட்டு நோனா கேட்டாங்க, ஒங்க அப்பா ஏன் இப்ப ஞாயித்துக்கெழம வர்றதில்லன்னு."

அம்மா வாங்கிய பாணை அப்படியே வைத்துவிட்டாள். "நான் சொன்னேன்ல? போ. போயி அவ மூஞ்சியப் பாத்துட்டு வா."

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கதவைத் திறந்த அந்தச் சிங்கள அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். நீங்கள் இறந்த செய்தியைச் சிங்களத்தில் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கட்டிலில் அவர் கணவர், ஒரு பக்கம் விளங்காமல், மூன்று வாரத் தாடியோடு கிடந்தார். ஜன்னலில் சவரக் கத்தி, சந்தனச் சோப்பு. நீங்கள் அவரைக் குளிப்பாட்டிவிட்டு, அவர்கள் கிணற்றிலேயே நீங்களும் குளித்துவிட்டுப் போவீர்களாம்.

தாடிக்குள் அந்த முகத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. நம் ரப்பர் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை, எல்லாரும் 'மாத்தயா' என்று கும்பிட்டவர்! மழை விழுந்த ரப்பர் பாலைப் பார்த்து, நீங்கள் தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்பட்டு, எல்லார் முன்னாலும் உங்களைக் கன்னத்தில் அறைந்தவர். அன்றைக்கு அம்மாவும் பால் வாளியோடு உங்கள் பக்கத்தில் நின்றாளே. விளங்காமல் போனது அந்தக் கையாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கத்திய கத்தில் லயமே கூடிவிட்டது. "பொம்பளயா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்டா! அந்த ஆளுக்கா? அந்தக் கைக்கா சோப்புப் போட்டு விட்டாரு?"

சொன்னால் அம்மா விடமாட்டாள் என்றுதான் மறைத்தீர்களா? செய்த நன்மையைச் சொன்னால் அது கெட்டுவிடும் என்பீர்களே, அதனாலா? பெரிய வியாழனன்று சுவாமி கால் கழுவிவிடுவார் என்று நாங்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவோம். "சுத்தமான கால கழுவுறதுல என்னடா இருக்கு?" என்று சிரிப்பீர்கள். சிரிப்பு சரி. ஆனால் உங்கள் பணிவுக்கு அம்மா நான்கு வருடம் தூங்காமல் கிடந்தாளே. அந்த மனிதரும் மூன்று வாரம் அழுக்கோடு கிடந்தார், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாததால். யாருக்கும் தெரியாமல் செய்கிறோம் என்பதில் உங்களுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்ததோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான். இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் கழுத்தில் கத்தியை வைத்தபோது ஒரு தடவையாவது உங்கள் கை நின்றதா? என் கை நின்றது, அப்பா.

ஆமாம், போன ஞாயிறு போனேன். அம்மாவும் கூட வந்தாள், வேவு பார்க்க. "நான் உள்ள வரமாட்டேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் சவரம் செய்து, உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "காதுக்குப் பின்னால தேய்டா. ஒங்கப்பா அத விட்டிருப்பாரு."

அவர்கள் கிணற்றில் நானும் குளித்தேன். வரும் வழியில் அம்மா நின்று, என் தோளைப் பிடித்து இழுத்து, சட்டையை முகர்ந்தாள். அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். உங்கள் அடக்கத்தன்று ஒரு சொட்டுக்கூட அழாதவள்.

அந்த மனிதர் இருக்கும்வரை ஞாயிறு தவறாமல் போவேன். இது சத்தியம். ஆனால் உங்களைப் போல ஒளித்துப் போகமாட்டேன். துண்டைத் தோளில் போட்டு, சோப்பைக் கையில் பிடித்து, லயத்து நடுவால் போவேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் எங்கே போகிறேன் என்று சொல்வேன். இது பணிவில்லை என்று தோன்றினால், நான் அங்கே வந்த பிறகு திட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவைப் போலவே சந்தேகம் பிடித்த
உங்கள் மூத்த மகன்