முப்பத்தொரு குரல்கள்

10.3.2024, மெர்சிங்
இன்று ஷர்மினி வேலைக்குச் சேர்ந்தாள். கூலாய் டவுனில் பேங்க் கவுண்டரில் இருந்தவள். என்னைவிட மூன்று வயது இளையவள். எங்கள் ஆய்வு நிலையத்தில் கடலுக்கடியில் மைக் போட்டு, கடல்பசுக்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதைப் பதிவு செய்கிறோம். ஹெட்ஃபோனில் கேட்டு, குரல் வரும் இடத்தைக் குறிப்பது நான்கு வருஷமாக என் வேலை. என் ஒருத்தியின் வேலை. இனி இரண்டு பேராம்.

14.3
நிலையத்தின் தலைவர் டாக்டர் வசந்தினி ஷர்மினியோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். என்னிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

19.3
பழகிப் பார்க்கட்டும் என்று ஷர்மினிக்கு நான் கேட்டு முடித்த பதிவு ஒன்றைக் கொடுத்தார்கள். குரல் எதுவும் இல்லை என்று நான் எழுதியிருந்த பதிவு. அவள் முப்பத்தொரு குரல்களைக் குறித்திருக்கிறாள்!

"தேன்மொழி, நீங்க ஒருதடவ சரிபாருங்க. ரிப்போர்ட் அடுத்த மாசம் போவணும்," என்றார் டாக்டர்.

கடல்புல் வளரும் அந்த இடத்தின் மேல் ஸ்பீட்போட் விடலாமா கூடாதா என்பதை அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

20.3
மூன்று தடவை கேட்டேன். இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் படபட சத்தம், தூரத்தில் மோட்டார். வேறொன்றும் இல்லை. நடிக்கிறாளா? வந்த பத்தாம் நாளே பெயர் வாங்கப் பார்க்கிறாளா?

முப்பத்தொன்றையும் 'தவறு' என்று அடித்தேன்.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். அவள் குறித்த இடங்களில் எல்லாம், சத்தத்தைப் படமாகக் காட்டும் திரையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. இறாலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

25.3
நான் 'தவறு' என்று அடித்ததை இன்று ஷர்மினி பார்த்துவிட்டாள்.

சண்டைக்கு வரவில்லை. இறால் சத்தத்தையும் மோட்டாரையும் வடிகட்டிவிட்டு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டாள். "அக்கா, இதோ குட்டி கூப்பிடுது. கீச்சு கீச்சுன்னு. இப்ப அம்மா பதில் சொல்லுது, கொஞ்சம் நீட்டமா. கேக்குதா?"

"கேக்குது. அது இறால்தான்."

"இப்ப?"

"அதே இறால்தான்னு சொல்றேன்ல!"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா... இப்ப நான் நிறுத்தி வச்சிருக்கேன். சத்தமே ஓடல."

முதலிலிருந்தே எனக்கு எதுவும் கேட்கவில்லை. எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன்.

27.3
அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் எப்போதும்போல் பேசுகிறார். எதற்காகச் சொல்லாமல் இருக்கிறாள்? காதும் நல்ல காது, மனசும் நல்ல மனசா? எல்லாம் அவளுக்கே கிடைக்க வேண்டுமா? போட்டுக்கொடுத்திருந்தால் அவளைத் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

29.3, வெள்ளி
என் வீட்டுக்காரர் செல்வாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "டிவி சத்தத்த கொறைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். நீ கேட்டாத்தானே," என்றார். அப்புறம் அவரே ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப்போனார்.

காது பரிசோதித்த பெண், எனக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட படம் ஒன்றைக் காட்டினாள். நேராக வந்த கோடு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது.

"முன்ன ஃபேக்டரியில வேல செஞ்சீங்களா?"

மாசாய் ஃபேக்டரியில் இருந்தபோது தகடு அடிக்கிற மெஷின் பக்கத்தில் பதினொரு வருஷம். காதடைப்பான் கொடுத்தார்கள். வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுவேன்.

"பேச்சு கேக்கும்க்கா. குருவி கத்துற மாதிரி மெல்லிசா வர்ற சத்தம்தான் கேக்காது."

கடல்பசு அப்படித்தான் கத்தும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல்.

1.4
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். காதைப் பற்றியும், கோடுகளைப் பார்த்தும் அடித்ததைப் பற்றியும். அவர் பழைய ரிப்போர்ட் கட்டை இழுத்து முன்னால் வைத்தார்.

"நாலு வருஷ ரிப்போர்ட், தேன்மொழி."

"தெரியும் டாக்டர்."

"எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும்."

திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

2.4
பழைய பதிவுகள் எல்லாம் ஷர்மினியின் மேசைக்குப் போய்விட்டன. ஹெட்ஃபோனையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

18.4
கடல்புல் இடத்துப் பதிவுகளை மட்டும் முதலில் கேட்டு முடித்து ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார்கள். கேட்டுக் குறித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும். வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

6.6
முடிவு தெரியும்வரை ஸ்பீட்போட்டுகள் வேறு வழியாகப் போகின்றன. எனக்கு இப்போது படகில் வேலை. கடல்பசு மேலே வரும் நேரத்தைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

இன்று சீபு தீவுப் பக்கம் போனோம். ஷர்மினி மைக்கைத் தண்ணீரில் இறக்கிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

இருபது அடி தள்ளி ஒரு பெரிய முதுகு எழும்பியது. பக்கத்திலேயே சின்னது. மூச்சு விட்டு இரண்டும் இறங்கின. நேரத்தை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஷர்மினியின் உதடு அசைந்தது.

நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"எப்படி இருக்கு, அந்தக் குரல்?"

அவள் வாயால் கீச்சென்று செய்து காட்டினாள். எனக்குக் கேட்கவில்லை என்று என் முகத்தில் தெரிந்ததும் நிறுத்தினாள். பிறகு அதையே தாழ்ந்த குரலில், தொண்டைக்குள்ளிருந்து, மெதுவாகச் செய்தாள். இரண்டு குட்டைச் சத்தம், ஒரு இழுப்பு.

கேட்டது.

"இது குட்டியா?"

"குட்டிதான்க்கா."

"அம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டு, அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.