நெமிலிச்சேரிக்குப் பதினெட்டு சென்டிமீட்டர்

அன்பு அக்காவுக்கு,

நாலு நாளாக உனக்குப் போன் போகவில்லை. ஏழாவது மாதம், ஈரத் தரையில் பார்த்து நட.

நீயாகக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு இந்த வீட்டில் யாரும் உன் பேரை எடுப்பதில்லை. ஆனால் மழை தொடங்கியதிலிருந்து அப்பா தினமும் காலையில், "எங்கெங்க எவ்ளோ பேஞ்சுதுன்னு படி" என்கிறார். போனில் வரும் பட்டியலை நான் படிப்பேன். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் எல்லாவற்றுக்கும் சும்மா தலையாட்டுவார். நெமிலிச்சேரி வந்ததும் டீ டம்ளரைக் கீழே வைப்பார். பிறகு, "போதும், நிறுத்து."

இன்று உங்கள் ஊருக்கு நாலு சென்டிமீட்டர்தான். உன்னைப் போய்ப் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கேட்க எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியும். பதினெட்டு என்று படித்துவிட்டேன்.

அப்பா எழுந்து ரெண்டு போர்வையை மடித்துப் பையில் வைத்தார். "பட்டாபிராம்ல ஒரு வேலை கீது, போய்ட்டு வரேன்."

"வேலைக்கு இன்னாத்துக்கு ரெண்டு போர்வை?" என்றாள் அம்மா. அம்மாவே பையில் பிரெட்டையும் வைத்தாள்.

அந்தப் போர்வைக்குள்தான் இதைச் செருகுகிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் அவரோடு கிளம்பி வந்துவிடு. தண்ணீரே வராவிட்டால், வாசல்படி வரை வந்து வடிந்தது என்று அப்பாவிடம் சொல்.

உன் தங்கச்சி