தோல் பையா, பெட்டியா

இயேசு மரி சூசை துணை

பெரம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரெஜி கண்ணுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கனடாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், உன் அக்கா சாண்ட்ராவும் அவள் வீட்டாரும் சுகம். அதே வரியில் உன் நைனா பேரையும் சேர்த்து எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, ஒரே ரூம், நான் கிசுகிசுத்தாலும் அவர் காதில் விழும், அதிலும் எனக்குப் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது. சாண்ட்ராவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பெரம்பூர் வந்து அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். வேலை இடத்தில் நின்றுகொண்டு படிக்காதே, ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் நைனாவுக்கு இதயம் கெட்டுப்போச்சு கண்ணு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தவக்காலத்தில் ஒருநாள் ராயபுரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, பம்பிங் ரொம்பக் குறைந்துபோச்சு, ஆபரேஷன் தாங்கமாட்டார், மாத்திரையில் ஓடுகிற வரை ஓடட்டும் என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன், அம்மா அவரைச் சந்தோஷமா வச்சுக்குங்க என்றாள் அந்த டாக்டர் பெண், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அன்றைக்கே என்னிடம் மாதா மேல் சத்தியம் வாங்கிவிட்டார். அங்க தங்கறதுக்குப் பேப்பர் வர்ற நேரம், இப்ப சொன்னா அல்லாத்தையும் வுட்டுட்டு ஓடியாந்துடுவான், அவன் பொயப்ப கெடுக்காத என்றார். இதோ சத்தியத்தை மீறி எழுதுகிறேன், அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இப்போது உப்பு கூடாது, கருவாடு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். உப்பில்லாத குழம்பை வைத்தால் ஏதோ கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு தேவகிருபையிடம் ரகசியமாகக் கருவாடு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார், நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது, நன்றாகத் திட்டினேன், திட்டிவிட்டு குழாயடியில் போய் அழுதேன்.

இந்தப் பை விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்தபோது புல்லட் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்ததும் நானும் நைனாவும் கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போகப்போகிறோம், வழியில் இருக்கிற கோயிலில் எல்லாம் இறங்கப்போகிறோம் என்றாய். ஆயுசெல்லாம் ஹார்பரில் நின்று ஊர் ஊருக்குச் சரக்கு ஏற்றி அனுப்பின மனுஷன், தான் வேளாங்கண்ணியைத் தாண்டினதில்லை. தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் நீ கேட்டாய், பின்னால் மாட்ட தோல் பை வாங்கட்டுமா, பூட்டு வைத்த கெட்டிப் பெட்டி வாங்கட்டுமா என்று. புல்லட்டுக்குத் தோல்தான் அழகு என்றார். நீ சரி என்று ஆர்டர் போடப்போனாய், மார்கழி மழையில் தோல் ஊறினால் துணியெல்லாம் நாறிவிடும், பெட்டியே வாங்கு என்றார். நீ பெட்டி பார்த்தாய், பெட்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும், எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு நடுவே உரசினால் ஆளோடு இழுத்துவிடும், தோல் என்றால் நசுங்கிக்கொடுக்கும் என்றார். நீ மறுபடியும் தோலுக்கு வந்தால், டீ குடிக்கிற நேரத்தில் எவனாவது பிளேடு போட்டுவிடுவான், சைலென்சர் சூட்டில் பொசுங்கிவிடும் என்கிறார். பெண் பார்ப்பதற்குக்கூட இவ்வளவு இழுபறி கிடையாது. எனக்கே எரிச்சல் வந்து, பிள்ளையை ஏன் இப்படி அலைக்கழிக்கிறீர்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்களேன் என்று கேட்டேன். பை முடிஞ்சிட்சின்னா தேதி கேப்பான் ஃப்ளோரன்ஸு, தேதிக்கு நான் எங்க போவேன் என்றார்.

வண்ணாரப்பேட்டையில் சீட் கவர் தைக்கிற ஷாகுல் பாய், அதுதான் நைனாவின் தோஸ்து, கடையிலிருந்து இடது பக்கத்துக்குத் தோல் பையும் வலது பக்கத்துக்குப் பெட்டியுமாகக் கொண்டுவந்து மாட்டி உனக்கு வீடியோவில் காட்டினாரே, நீகூட ஆடி மாசக் காவடி மாதிரி இருக்கு என்று சிரித்தாயே, அன்று நைனாவால் வாசல்படியைத் தாண்ட முடியவில்லை. பாய்தான் வண்டியை அவர் நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி உட்காரு நைனா, முட்டி இடிக்குதா பாரு என்று நீ சொன்னாய், லுங்கி கட்டிகினு கீறேன்டா, அப்பால பாக்கலாம் என்றார். போன் வைத்ததும் பாய் வெளியே போய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நீ அனுப்பின ஷூவும் சரியான சைஸ்தான் கண்ணு. கால் வீங்கிக் கிடக்கிறது, செருப்பே நுழையவில்லை. கால் தெரியக்கூடாதென்றுதான் போனை எப்போதும் கழுத்துக்கு மேல் பிடிக்கிறார். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி கட்டிக்கொண்டு நம் தெரு வழியாகப் போகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கை காட்டுகிறார்.

போன ஞாயிறு நீ கத்திவிட்டாய். ஒரு பைக்கு ஆறு மாசமா நைனா, உனக்கு வர்ற இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடேன் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்மேல் தப்பு சொல்லவில்லை, உனக்கு என்ன தெரியும். நான் திரும்பக் கூப்பிடட்டுமா என்று அவரைக் கேட்டேன். வோணாம் வுடு, கோவமா இருந்தா தாங்கிப்பான், அயுதுகினு அங்க தனியா இன்னா பண்ணுவான் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பனும் பிள்ளையும் கோபத்தோடு பிரியக்கூடாது ரெஜி. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மாதாவே வந்து கோபித்துக்கொண்டாலும் சரி.

பேப்பரை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் மனசு இல்லை. பேப்பர் பார்க்கிற அதிகாரியிடம் அழுது கேட்டுப் பார், முடிந்தால் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் வா. வந்தால் லீவு கிடைத்தது என்று மட்டும் சொல். நான் சொன்னதாக அவருக்குத் தெரியவேண்டாம், உன்னிடம் மறைத்துவிட்டோம் என்கிற அந்த ஒரு பெருமையாவது அவருக்கு இருக்கட்டும். அதுவரை ஞாயிறு தவறாமல் போன் பண்ணு. மன்னிப்பு கேட்காதே, குரலைத் தழைக்காதே, உடனே கண்டுபிடித்துவிடுவார். ஞாயிறானால் மத்தியானமே சவரம் பண்ணி சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அன்றைக்கு மட்டும்தான் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். படுக்கும்போது ஒரு மங்கள வார்த்தை செபமாவது சொல்லிவிட்டுப் படு. அந்தோணியார் உனக்குத் துணையிருப்பார், அம்மா நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. வர்ற ஞாயிறு அவர் தோல் என்றால் நீ பெட்டி என்று சண்டை போடு, பெட்டி என்றால் தோல் என்று சொல். என்ன ஆனாலும், சரி நைனா, நீ சொல்றதே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
ஃப்ளோரன்ஸ்