ஐந்தாம் எண்காரர்

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் என் ஆலோசனை மையத்தில் கூட்டம். எங்கள் சாரம் பகுதியில் இத்தனை பேருக்கு மனசு சரியில்லையா, இல்லை சொந்தக்காரர்கள் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போன களைப்பா, தெரியவில்லை. ஓர் அம்மா வந்ததும் வராததுமாக, "எண் பாக்குற மேடம் நீங்கதான? எம் பேர்ல இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' சேத்துக்கினா வீட்ல சண்ட கொறையுமா?" என்றார். இது அந்த எண் இல்லை, மனிதர்களின் குணத்தை ஒன்பது வகையாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுக்கும் முறை, அதை வைத்து ஆலோசனை சொல்கிறேன் என்று விளக்கினேன். "அப்போ பேர மாத்த வாணாமா?" என்று கேட்டார். பாவம், ஏமாந்துபோனார்.

சாயங்காலம் வெற்றிச்செல்வன் வந்தான். என்னோடு படித்தவன், இப்போது காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லித்தருகிறான். என் ஒன்பது எண்ணை அவன் என்றைக்கும் மதித்ததில்லை. ராசிபலனுக்குப் பேன்ட் சட்டை போட்டுவிட்ட மாதிரி என்பான். இன்று கிண்டல் இல்லை. "நாம ரெண்டு பேரும் சேந்தே சோதிச்சிப் பாக்கலாம் பூவிழி. விதியெல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம். என்ன வந்தாலும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருடமாக இதை நம்பித்தானே என்னிடம் வருகிறவர்களுக்கு வழி சொல்கிறேன்? பிறகு சரி என்றேன். தோற்றால் இனி யாருக்கும் எண் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன்.

24 ஜனவரி, வெள்ளி

விதிகள் முடிவாகிவிட்டன. வெற்றியின் மாணவி சரிதா ஆட்களைப் பேட்டி எடுப்பாள். அவர்களுடைய ஊர், தொழில், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் மாற்றி, சொன்னதைத் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து தருவாள். நானும் கடலூர் அஞ்சலாட்சி அக்காவும் தனித்தனியாகக் கேட்டு எண் சொல்ல வேண்டும். அக்காவும் நானும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்கிறோமா என்பதுதான் முதல் சோதனை. அடுத்தது, மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எண் சொல்லி ஆலோசனை, பாதிப் பேருக்குச் சொல்லாமல். யார் எவ்வளவு தேறினார்கள் என்று சரிதா பார்ப்பாள்.

"உனக்குச் சந்தேகமே இல்லாத ஆளுங்க நாலஞ்சு பேரச் சொல்லு, அவங்களையும் சேத்துக்கலாம்" என்றான் வெற்றி. முதலில் என் வீட்டுக்காரர் பெயரைத்தான் சொன்னேன். இனியவன், ஐந்து. நூற்றுக்கு நூறு! ஐந்து என்றால் ஒதுங்கி இருப்பவர்கள், தனிமை கிடைத்தால் போதும் என்பவர்கள். மின்துறையிலிருந்து வந்ததும் மாடி அறைக்குப் போய்விடுவார். பழைய மிக்ஸி, ரேடியோ, ஸ்க்ரூடிரைவர், அதுதான் அவர் உலகம். பயிற்சி முடிந்து வந்து நான் முதன்முதலில் எண் கொடுத்ததே இவருக்குத்தான். அன்றிலிருந்து அவரைத் தொந்தரவு செய்வதில்லை. மகளையும் செய்ய விட்டதில்லை. மற்ற பெண்கள் புருஷன் பேசுவதில்லை என்று என் முன்னால் அழும்போது, எங்கள் வீட்டில் அந்தச் சண்டையே இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெயரைச் சொல்லிவிட்டு சரிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரக் கூப்பிடாதம்மா. பேட்டின்னா பயந்து ஓடிடுவாரு" என்று சொல்லிவைத்தேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

எண் சொல்லக்கூடாத பாதியில் இன்று ஓர் ஆசிரியை. உட்கார்ந்த விதத்திலேயே 'ஒன்று', எல்லாம் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும் என்பவர், என்று எழுதி ஒட்டியிருந்தது. வாயைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். விரதமிருப்பதே பரவாயில்லை.

5 மார்ச், புதன்

பதிவுகள் கேட்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் சரிதாவின் குரலில் பேசுவது முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போக மறந்துபோய், அந்தந்த ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இன்று ஒரு பெண். தையல்காரி. அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கத் தோன்றுகிறது.

"தச்சு முடிச்சிடுவேன். ஆனா எழுந்து வர மாட்டேன். யாராச்சும் வந்து என்னா பண்றேன்னு கேப்பாங்களான்னு சும்மா மிஷின மிதிச்சிக்கினே உக்காந்துனு இருப்பேன். சாப்பிடக் கூப்டா ஒரே ஓட்டமா போவேன். அங்க போனா தட்டு மட்டும் இருக்கும். அவங்க சாப்ட்டு முடிச்சிருப்பாங்க. கெட்டவங்கல்லாம் இல்ல, எம் மேல அவ்ளோ மரியாத. அந்த மரியாததான் தாங்க முடியல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். எண் 'இரண்டு', சந்தேகமே கிடையாது. அன்பு கொடுக்கவும் வாங்கவும் ஏங்குகிற ஜென்மம். இவளை ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காராமல் ஒருவன் இருக்கிறானே, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

6 மார்ச், வியாழன்

சமைக்கும்போதும் அந்தத் தையல்காரி நினைப்புத்தான். அவள் புருஷனுக்கு நான் மனசுக்குள் எண் கொடுத்துவிட்டேன். வெளியே எழுத மாட்டேன்.

18 மார்ச், செவ்வாய்

இவர் இன்று வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் கீழே இறங்கி வந்தார். "இன்னிக்குக் கூட்டமா?" என்றார். "ம்" என்றேன். அடுப்படியில் வந்து நின்றார். ஏதோ வேண்டும் போலிருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். "நீங்க போங்க, உங்க வேலையப் பாருங்க. ஆனதும் கூப்பிடுறேன்" என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் இன்று இங்கே இருந்திருந்தால், இந்த வீட்டில் நான் ஒருத்திதான் அப்பாவைப் புரிந்துகொண்டவள் என்று சொல்லிக் காட்டியிருப்பேன்.

10 ஏப்ரல், வியாழன்

என்ன எழுத. எங்கே ஆரம்பிக்க.

காலாப்பட்டில் வெற்றியின் அறையில் முடிவுகளைப் பார்த்தோம். அக்காவும் நானும் ஒரே ஆளுக்கு ஒரே எண் சொன்னது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எண் சொல்லி ஆலோசனை கொடுத்தவர்களும் சொல்லாமல் கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருக்கிறார்கள். வெற்றி துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் எனக்கு டீ வரவழைத்தான், அவ்வளவுதான். அந்த நல்லதனம் இன்னும் வலித்தது.

பிறகு யார் யார் என்ற விவரத்தை சரிதா சொல்லிக்கொண்டே வந்தாள். தையல்காரியிடம் வந்ததும் நிறுத்தினாள். "மேடம், இத நாம தனியா பேசலாமா?" என்றாள். எதுவாக இருந்தாலும் சொல் என்றேன்.

"இது உங்க சார் மேடம்."

எனக்குப் புரியவில்லை. எந்த சார்?

"நீங்க கூப்பிடாதன்னு சொன்னீங்க. ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நாமளே முடிவு பண்றது சரியில்லன்னு தோணிச்சி. போன் பண்ணதும் உடனே வரேன்னாரு. யார் யார்னு கடைசில சொல்லுவோம், அவங்களுக்கும் தெரிஞ்சிடும்னு சொன்னேன். பரவால்ல, தெரியட்டும்னாரு."

"தையல் மிஷின்?" என்று கேட்டேன். முட்டாள் மாதிரி அதைத்தான் கேட்டேன்.

"மிக்ஸி ரிப்பேர் மேடம். நான்தான் மாத்தினேன்."

பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா, "யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை, எல்லாரும் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதேன். இரண்டாம் எண்ணோ, எந்த எண்ணோ! ஊரில் இருக்கிற யார் யாரையோ ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்கிறேன் என்று இறுமாந்து இருந்தவள், கூடவே இருக்கிற மனுஷனின் வார்த்தையைக் கேட்டுவிட்டு யாரோ என்று நினைத்தேனே. அவர் பேச்சு எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்கா பேசாமல் விட்டிருக்கிறேன்?

11 ஏப்ரல், வெள்ளி

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவர் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். "உடம்பு சரியில்லையா?" என்றார்.

13 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைத் தட்டினேன். மடியில் ஒரு ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். "சரிதா கூப்ட்டப்போ ஏன் போனீங்க?" என்று கேட்டேன்.

ரேடியோவைக் கீழே வைத்தார். "என்னப் பத்தி ஒரு மணி நேரம் கேக்கணும்னு சொல்லிச்சி அந்தப் பொண்ணு. அதெல்லாம் யாருக்குக் கெடைக்குது? போவாம இருப்பனா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இத்தன வருஷமா?"

"நீ காலைலேருந்து ஊர் கஷ்டம் பூரா கேட்டுட்டு வர்ற. வீட்லயும் ஒருத்தன் தொணதொணன்னா தல வெடிச்சிடாதா? ஒனக்குத்தான் தனியா இருக்கப் புடிக்கும்னு நான் மேல வந்துடுவேன்" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. நானாவது பயிற்சி எடுத்து, எண் போட்டு, கெட்டேன். இவர் எந்த எண்ணும் இல்லாமல் எனக்கு அதையே செய்திருக்கிறார். அவருக்காக நானும் எனக்காக அவரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, வீடே காலியாகக் கிடந்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. என்னைப் பற்றி அவர் நினைத்தது முழுக்கத் தப்பும் இல்லை. எனக்கு நிஜமாகவே சில நேரம் தனியாக இருக்கத்தான் வேண்டும். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "தெரியுமே" என்றார்.

2 மே, வெள்ளி

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். சும்மா போடவில்லை, இரண்டு மணி நேரம் சண்டை பிடித்துத்தான். 'இம்முறை பயனற்றது' என்று வெற்றி எழுதியிருந்தான். எண்ணுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று போடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணைக் கண்டுபிடிக்க நான் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை என்று அத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், அதை எப்படி விடுவாய் என்றேன். அவர்களிடம் பேசி சரிதா எழுதிவைத்த குறிப்புகளைத் திரும்பப் படித்தான். "சரி, நீ சொல்றது ஞாயம்தான். கேள்விங்க உதவுச்சான்னு தனியா பாக்கணும்னு போடலாம்" என்றான். இருபது வருடத்தில் வெற்றி என்னிடம் ஞாயம் என்ற வார்த்தையைச் சொன்னது இன்றுதான்.

அஞ்சலாட்சி அக்காவுக்குக் கோபம். போனில், "ஆளப் பாக்காம கொரலக் கூட மாத்திப்புட்டு எண்ணு சொல்லச் சொன்னா தப்பாத்தான் போவும், இதுக்குப் போய் கையெழுத்துப் போட்டியாடி?" என்றார். "ஆளப் பாத்துத்தான் அக்கா பதினெட்டு வருஷம் தப்பாச் சொன்னேன்" என்றேன். "இனியவன் நல்லாருக்காரா?" என்று கேட்டார் அக்கா.

மையத்தில் சுவரில் மாட்டியிருந்த ஒன்பது எண் படத்தைக் கழற்றிவிட்டேன். மனசு கனமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

8 ஜூன், ஞாயிறு

நோணாங்குப்பத்தில் நானும் இவரும் படகுக்கு வரிசையில் நின்றபோது பேச ஆரம்பித்தார். முருங்கப்பாக்கம் டிரான்ஸ்பார்மர் எப்படிப் பழுதானது, யார் யார் என்ன சொன்னார்கள், இவர் எதைக் கண்டுபிடித்தார். படகில் போகும்போது பேசினார், மணலில் நடக்கும்போது பேசினார், திரும்பும்போது முதலிலிருந்து சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. காற்றில் தலைமுடியெல்லாம் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, ஐம்பது வயது ஆள் பார்க்க அழகாக இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைவலி. "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாகிவிட்டது. எழுந்து போய்விடுவாரோ, மறுபடியும் மாடிப்படி ஏறிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்படியும் இருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே இத்தனை வருடம் தோன்றவில்லையே.