பிளாஸ்திரி ஒட்டிய கை

ஜூலை 8, செவ்வாய்
மழை விடவில்லை. பால்கனித் துணி காயவே இல்லை, ஒரே வாடை. எங்கள் பேட்டை, நிக்டி முழுக்க இருமல். லிஃப்டில் மேல்வீட்டு ஆள், வாயைக்கூடப் பொத்தாமல் ஒரு தும்மல். அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறினேன்.

வேலைக்கு வரும் மாவ்ஷி வாசலிலேயே தொண்டையைச் செருமினாள். "குச் நஹி பாபி." ஒன்றுமில்லையாம், மிளகாய் நெடியாம். யார் கண்டது? மாஸ்க் கொடுத்தேன். தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை வேறு. ஃப்ளூ வந்தால் ஊருக்கு ஜுரம், இவருக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் தடுப்பூசி எழுதியிருக்கிறார். தானே போய்ப் போட்டுக்கொள்வாராம். பார்ப்போம்.

ஜூலை 9, புதன்
சாயங்காலம் வந்தார். இடது புஜத்தில் குட்டிப் பிளாஸ்திரி. "போட்டாச்சு செல்வி. எறும்பு கடிச்ச மாதிரிதான்." நிம்மதி. ரசம், மிளகு தூக்கலாக.

வாங்க: சோப்பு, மாஸ்க், மாவ்ஷிக்கு இருமல் மருந்து.

ஜூலை 10, வியாழன்
தோசை திருப்பும்போது பொறி தட்டியது. இடது கை! டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்த கை. அதில் ஊசி, பிரஷர் பட்டை எதுவும் ஆகாது. ரத்தம் எடுக்க யார் வந்தாலும் "அந்தக் கை வேண்டாம்" என்று இருவரும் சேர்ந்து கத்துவோம். வார்டே சிரிக்கும். அந்தக் கையை நீட்டியிருப்பாரா? ஆனால் வலது கைக்காரர் தானே ஒட்டிக்கொண்டால் இடது புஜத்தில்தான் ஒட்டுவார்.

தோசை கருகல். ரசீது கேட்டேன். மழையில் நனைந்துவிட்டதாம். மாவ்ஷியைச் சந்தேகப்பட்டேன், மேல்வீட்டு ஆளைச் சந்தேகப்பட்டேன். திருடன் வீட்டுக்குள்ளேயே.

ஜூலை 11, வெள்ளி
கேட்டேவிட்டேன். "அந்தக் கைல எவன் ஊசி போட்டான்? சொல்லுங்க."

தன் கையையே பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"வாட்ஸப்புல வந்துச்சு. ஊசி போட்டா, மாத்தி வெச்ச கிட்னிய உடம்பு ஏத்துக்காதாமா. நீ குடுத்ததாச்சே. அது போச்சுன்னா எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

ஆமாம், நான் கொடுத்ததுதான். அழுகை வந்தது. அதைவிடக் கோபம். என் கிட்னியைக் காப்பாற்ற என்னிடமே பொய்! டாக்டருக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டு இவரையும் கேட்க வைத்தேன். இந்த ஊசிக்குப் பயப்பட வேண்டாம், இவருக்கு ஃப்ளூதான் ஆபத்து, நாளைக்கே போடுங்கள் என்றார்.

ஜூலை 12, சனி
தூறல். கிளினிக். வலது கை. ஊசி உள்ளே போகும்வரை நர்ஸின் கையை விட்டு என் கண் நகரவில்லை. நர்ஸுக்குச் சிரிப்பு.

"ஆப்னே கப் லியா, மேடம்?"

நான் எப்போது போட்டுக்கொண்டேனாம். வீட்டில் கூட இருப்பவர்களும் போட வேண்டுமாம். டாக்டர் சொல்லித்தான் இருப்பார்; என் காதில் இவர் ஊசி மட்டும் விழுந்திருக்கிறது. மாவ்ஷி, லிஃப்ட், மேல்வீடு என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். இவர் பக்கத்திலேயே படுக்கிறவளை விட்டுவிட்டேன்.

இவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நான் பாத்துட்டேதான் இருப்பேன்."