சாம்பிள் சார் வெளியே நிற்கிறார்

மார்ச் 3, திங்கள்

புது பேட்ச். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. மார்க்கர் மூன்றும் காய்ந்து கிடக்கின்றன. மூடியைப் போடாமல் வைத்துப் போன புண்ணியவான் கையில் கிடைத்தால் தெரியும். காலையிலேயே தலைவலி.

ஆறே வாரத்தில் இவர்களை, ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் ஆலோசகர்களாக்கி அனுப்ப வேண்டுமாம். வேலை தேடித்தருவது இருக்கட்டும், வந்து உட்கார்ந்தவரிடம் வாயைத் திறக்க முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், மூட.

மதியம் சாம்பிள் சார் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, வாரிய தலை. ராணுவ வொர்க்‌ஷாப்பில் லாரிகளைப் பிரித்து மாட்டியவர். இப்போது எங்கள் வகுப்பில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வேலை தேடி வந்தவராக நடிக்கிறார். கோபக்காரர், வாயே திறக்காதவர், எதற்கெடுத்தாலும் ‘எஸ் சார்’ சொல்பவர் என்று மூன்று வேஷமும் அத்துப்படி. பயிற்சிக்கு வருகிற எல்லோரும் இவர் முன்னால்தான் முதலில் உளறிக் கொட்டுவார்கள். யார் வைத்த பெயரோ, சாம்பிள் சார். அவரே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

முதல் வரிசையில் ஒரு பெண். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள். மார்க்கர் காய்ந்துவிட்டது என்றதற்கும் ஆட்டினாள். அவளைத்தான் முதலில் அவர் எதிரே உட்கார வைத்தேன். உட்கார்ந்த சூட்டோடு கேட்டுவிட்டாள்: “நீங்க யாரையாவது கொன்னிருக்கீங்களா சார்?”

சாம்பிள் சார் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்.

அது நான் வைத்த விதி. அந்தக் கேள்வி வந்தால் பதில் கிடையாது; எழுந்து போய்விட வேண்டும்; நான் கூப்பிடும்வரை கதவோரம் நிற்க வேண்டும். காலி நாற்காலியைக் காட்டி வகுப்பெடுப்பேன். “இவருக்கு இனி நம்மால வேலை வாங்கித் தர முடியாது. ஏன்னா இவர் இனி வரமாட்டாரு.” தலையாட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வி: “இன்னிக்கு நடை எப்படி மேடம்? கொஞ்சம் வேகமாப் போயிட்டேனோ?”

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிடும்போது தலையாட்டி கேட்டாள்: “மேடம், சாம்பிள் சாருக்கு நாம என்ன வேலை வாங்கிக் குடுத்தோம்?”

“பாத்துக்கிட்டிருக்கோம்” என்றேன். நான்கு வருஷமாகவா? வேலை கேட்டு வந்த மனுஷர். ‘ஒரு நாள் வகுப்புக்கு உதவுங்க’ என்று உட்கார வைத்தோம்.

அவள் மேல் ஏன் எனக்கு இவ்வளவு கோபம்?

மார்ச் 5, புதன்

இயக்குநரிடம் போனேன். நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் வழவழா. எதைக் கேட்டாலும் வழுக்கிக்கொண்டு போவார்.

“அவருக்கு வேலை பாத்துக் குடுக்கணும் சார்.”

“அவரை விட்டா நமக்கு யாரு மேடம் இருக்கா? அவர் இந்த நிறுவனத்தோட சொத்து!”

சொத்து. பீரோ, மேஜை, பிரிண்டர், அப்புறம் இவர். நம்பர் ஒட்டாததுதான் பாக்கி. வெளியே வந்து படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினேன். நமக்கு வேலையே வேலை வாங்கித் தருவது. ஒருத்தர் நம் கூரைக்கடியிலேயே வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக. இதை வெளியே யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள்.

மார்ச் 7, வெள்ளி

லாரி கம்பெனி ஒன்றில் வொர்க்‌ஷாப் மேற்பார்வையாளர் வேலை காலியாம். சாம்பிள் சாரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கு இங்க என்ன குறைச்சல் மேடம்? சம்பந்தி வீட்டுலகூட பயிற்சி அதிகாரின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

“அதிகாரியா! நடிச்சிட்டுப் போறீங்க சார்.”

சொல்லியிருக்கக் கூடாது. டீ டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “இன்ஜினுக்குள்ள கையை விட்டு நாலு வருஷமாச்சு” என்றார். “போறேன். என்னைக்கு?”

மார்ச் 11, செவ்வாய்

நாளைக்கு அவருக்கு நேர்காணல். இனி வகுப்பு நாற்காலிக்கு வேறு வழி பாருங்கள் என்று வழவழாவிடம் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் லாரி கம்பெனி மேனேஜர் போன் பண்ணினார்.

“உங்க ஆளு பாதியிலயே எழுந்து போயிட்டாரு மேடம். ரொம்ப முன்கோபி போல. நமக்கு ஒத்து வராது.”

“என்ன கேட்டீங்க?”

“ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் போச்சு. சும்மா ஜாலியா, எத்தனை பேரைப் போட்டுத் தள்ளினீங்கன்னு—”

மீதியை நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சாம்பிள் சார் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

“அந்தக் கேள்வி வந்துச்சு. எழுந்துட்டேன் மேடம். யோசிக்கவே இல்ல, காலு தானா எழுந்துருச்சு. வெளிய வந்து கதவோரமா நின்னேன்.”

“அப்புறம்?”

“கூப்பிடுவாங்கன்னு நின்னேன்.”

“எவ்வளவு நேரம் சார்?”

“தெரியல. எனக்கு அடுத்து ரெண்டு பேரு உள்ள போயிட்டு வந்தாங்க. வாட்ச்மேன் வந்து, யாருக்காக நிக்கிறீங்கன்னாரு. அப்பத்தான் உறைச்சுது, கூப்பிட நீங்க அங்க இல்லன்னு.”

எழுந்து போ என்று சொல்லிக்கொடுத்தவள் நான். நில் என்று சொன்னதும் நான். நான்கு வருஷம், பேட்ச் பேட்சாக, மனுஷரை நானே பழக்கி வைத்திருக்கிறேன். என்னையே அடிக்கணும் போல இருக்கு. அந்த மேனேஜரையும். வழவழாவையும்!

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர், நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். “எங்க ஸ்கூல் கார்ல என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கும்மா. லைசென்ஸ் எடுத்துட்டுச் சொந்தக் கார்ல போறவன், நான் மிதிப்பேன்னு காலைச் சும்மா வச்சிருப்பான். இடிச்சப்புறம்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சரியாகத்தான் சொன்னார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

லாரி கம்பெனிக்கு நேரிலேயே போய்விட்டேன். வொர்க்‌ஷாப் வாசலில் நான்கு லாரிகள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. பார்க்க ஆளில்லை.

“வெளிய நின்னாரே, பாக்கலையா நீங்க?” என்றேன்.

மேனேஜர் சாவகாசமாகச் சொன்னார்: “பாத்தேன். பாத்ரூமுக்குக் காத்திருக்காருன்னு நினைச்சேன்.”

அவ்வளவுதான். “தப்பாக் கேட்டவருதான் எழுந்து போய்க் கூப்பிடணும்! கால் இருக்கில்ல உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன். அந்த மாதிரிப் பேச்சு பேசவே கூடாது என்று வகுப்பில் பாடம் எடுக்கிறவள் நான். காலை இழந்து வந்தவர்களும் எங்களிடம் வருகிறார்கள்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. “மேடம், இங்க முப்பது பேரு. ஒவ்வொருத்தனும் வாய்க்கு வந்ததைப் பேசுவான். ஒவ்வொரு தடவையும் இவரு வெளிய போய் நின்னா, என் லாரி எப்ப ஓடும்?”

அவர் கேட்டதும் நியாயம்தான். அந்தக் கோபத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 15, சனி

இரண்டு பாத்திரம் உடைந்தது. வேண்டுமென்று இல்லை.

மார்ச் 17, திங்கள்

வழவழாவுக்குச் சேதி போய்விட்டது. “ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டுருங்க மேடம், விஷயம் முடிஞ்சுது. சாம்பிளும் நமக்கே திரும்பி வந்துட்டாரு பாருங்க!” கேட்க மாட்டேன் என்றேன்.

வகுப்புக்கு வந்தால், அதே இஸ்திரிச் சட்டையோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“வேண்டாம் சார். இனிமே நீங்க இதுல உட்கார வேண்டாம்.”

“ஏன்?”

“இங்கயே இருந்தா உங்களை ஒருத்தரும் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க.”

எழுந்து நின்றார். “யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? அந்த வேலையும் உங்களால போச்சு. இதுவும் உங்களாலதான் போகணுமா?”

கோபக்கார வேஷத்தில்கூட அவர் இந்தக் குரலில் பேசியதில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே போனார்.

கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, வழக்கம்போலக் கதவைத் திறந்தேன் கூப்பிட. நடைபாதையில் யாருமில்லை. துடைப்பவரின் வாளி மட்டும் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

சாம்பிள் சார் போன் எடுக்கவில்லை. வகுப்பில் கேட்டார்கள்; லாரி கம்பெனியில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வழவழாவின் புது யோசனை: “இன்னொருத்தரைப் பிடிச்சுப் போட்டுரலாமே மேடம்? வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனையோ பேரு.”

பிடித்துப் போட மனுஷன் என்ன மீனா? “அந்த நாற்காலியில நானே உட்கார்ந்துக்கறேன் சார். எனக்குத்தான் இப்ப நல்லாக் கோபம் வருதே” என்றேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 26, புதன்

இன்று முதலாளிகளோடு போனில் பேசும் பயிற்சி. ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும், மற்றவர்கள் கவனிக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று அவரவரே முடிவு செய்யலாம் என்றேன். தலையாட்டி எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் கேட்டது எனக்குத் தெரிந்த குரல். லாரி கம்பெனி மேனேஜர்!

பிடுங்கி வைத்திருப்பேன். அவள் கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டாள்.

“சார், மேற்பார்வையாளர் கிடைச்சாச்சா?”

“எங்கம்மா. வண்டியெல்லாம் நிக்குது.”

“உங்ககிட்ட வந்தாரே ஒருத்தர், அவர்கிட்ட நானும் அதே கேள்வியைக் கேட்டேன் சார். முதல் நாளே. என்கிட்டயும் எழுந்து போயிட்டாரு. எங்க மேடம் கதவைத் திறந்து கூப்பிட்டாங்க, வந்து உட்கார்ந்துட்டாரு. மனசுல ஒண்ணும் வச்சுக்கல, எனக்கு இன்னொரு தடவை பேச வாய்ப்புக் குடுத்தாரு. நீங்க கதவைத் திறக்கல சார். அவ்வளவுதான்.”

வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“போன் போட்டா எடுக்கறாரா?” என்றது குரல்.

“இல்ல சார். நேர்லதான் போகணும்.”

“வீடு எங்க?”

“அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்.”

சாம்பிள் சாரின் மகளைப் பிடித்து, அவள் மூலம் அவரிடம் கேட்டு, ‘வந்தா வரட்டும்’ என்ற பதிலை வாங்கி, முகவரியை அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். பேசி முடிக்கும்வரை அவள் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, மார்க்கரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

நாற்காலியில் நான் உட்காரும் மூன்றாவது நாள். என்னை எல்லோரும் நன்றாகவே சமாளிக்கிறார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் சாம்பிள் சார் வந்தார். சட்டையில் கிரீஸ். கை கழுவியும் நகக்கண்ணில் கருப்பு. சேர்ந்து இரண்டு நாளாயிற்றாம்.

“அந்தக் கேள்வியை வொர்க்‌ஷாப்ல எவனாவது கேட்டா?” என்றேன்.

“நேத்தே ஒருத்தன் கேட்டான். ஸ்பேனரை எடுன்னேன். எடுத்துக் குடுத்தான்.” பிறகு, “உங்க மேல கோவம் இன்னும் போகல மேடம்” என்றார்.

“இருக்கட்டும் சார்.”

தலையாட்டியிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை கூடவே போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மேனேஜர் வீட்டுக்கே வந்தாராமே?”

“வந்தாரு. கதவைத் தட்டினாரு. ஜன்னல் வழியாப் பாத்தேன், வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு.”

“உடனே கூப்பிட்டுட்டீங்களா?”

“இல்ல. டீ போட்டேன். உட்கார்ந்து குடிச்சேன். டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சேன். அப்புறமாக் கூப்பிட்டேன்.”