அறுந்து போகிற கயிறு

மதினி,

நேற்று மதியம் கிடங்கில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஷைலஜா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரை முழுக்கக் கத்திகள். கழுத்தில் தொங்கவிடுகிற சின்னக் கத்திகள். கறுப்பு, பச்சை, மரப்பிடி, எலும்புப்பிடி என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அவளுடைய பழைய கத்தியின் உறை வெடித்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது, சாமானும் நன்றாக இருக்க வேண்டும்.

"இசக்கி சேச்சி, இதுல ஏதா நல்லது? படம் கண்டிட்டு ஒண்ணும் மனசிலாவல."

நான் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "படத்தைப் பாத்து வாங்காத. உறையோட தலைகீழாப் பிடிச்சு உதறிப் பாக்கணும். பிடியை ஈரக் கையால பிடிச்சுப் பாக்கணும். முனை கூரா இருந்தா மழுக்கித் தரச் சொல்லணும்," என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சொல்வதெல்லாம் நீங்கள் சொன்னது. விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சொல்கிற விதம்கூட உங்களுடையது. ஷைலஜாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஞாயிறாழ்ச்ச நமக்குக் கடைக்குப் போவாம்," என்று மட்டும் சொன்னாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் இதை யாரும் படிக்கப் போவதில்லை. மகளுக்கு மலையாளம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்துவிட்டு வைத்துவிடுவாள். உங்கள் தம்பியோ மின்சாரக் கட்டணச் சீட்டைத் தவிர வேறெதையும் படிக்கிறவர் இல்லை.

உங்களை அந்தச் சுக்குக் கிடங்கில் சேர்த்துவிட்டது நான்தான். அதற்காக நெடுநாள் என்னையே நொந்துகொண்டேன், மதினி. உங்கள் வீட்டு அண்ணாச்சி கொச்சியில் வைட்டிலா பக்கம் கட்டட வேலைக்கு வந்தபோது நீங்கள் ஊரில் பார்த்த மில் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். எங்கள் சந்திலேயே ஒரு அறை பிடித்தீர்கள். நான் அப்போதே மட்டாஞ்சேரியில் ஆறு வருடம் சுக்குப் புடைத்தவள். மேஸ்திரியிடம் சொல்லி உங்களை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வந்த மூன்றாம் நாளே, "இந்த மெஷினுக்கு ஏன் மூடி இல்ல? அந்த வாளியை ஏன் நடைபாதையில வச்சிருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். யாரும் உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். புருஷனுடைய அக்கா என்றால் வீட்டில்தான் அதிகாரம் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு வாய்த்தவர் வேலை செய்கிற இடத்துக்கும் வந்துவிட்டார் என்று உங்கள் தம்பியிடம் புலம்பினேன். அவர், "அக்கா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

அந்தக் காலத்தில் சாக்கின் சணல் தையலை நாங்கள் அரை பிளேடால்தான் அறுப்போம். வேலை முடிந்ததும் பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொள்வோம், சிலர் உதட்டில் கவ்விக்கொள்வார்கள். ஒரு நாள் என் பிளேடு காணாமல் போயிற்று. சுக்குக் குவியலுக்குள் விழுந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. மொத்தக் குவியலையும் தரையில் பரப்பி, பதினோரு பெண்கள் முட்டி போட்டுச் சாயங்காலம் வரை தேடினோம். கிடைத்தபோது அது என் உள்ளங்கையில்தான் ஏறியிருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நீங்கள் யோசனை சொன்னீர்கள். எங்கள் நீலக் கோட்டில் பை கிடையாது. இடுப்பில் செருகினால் தாழ்ந்த மணையில் உட்காரும்போது வயிற்றில் குத்தும். "கழுத்துல தொங்கப் போட்டுக்கிடுவோம். கண்ணு முன்னால கிடக்கும், தொலையாது."

தோப்பும்படியில், மீன்பிடிப் படகுகளுக்கு வலையும் கயிறும் தூண்டிலும் விற்கிற கடைக்குப் போனோம். நினைவிருக்கிறதா? கல்லாவில் வெள்ளைத் தொப்பி வைத்த கடைக்காரர் இருந்தார், எல்லாரும் இக்கா என்று கூப்பிடுகிறவர். "எந்தா வேண்டது பெங்ஙளே?" என்று கூடப்பிறந்தவளைக் கேட்பது போலக் கேட்டார். நீங்கள் நெல்லைத் தமிழில் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. நான் மலையாளத்தில் சொன்னேன். அவர் முதலில் எடுத்து வைத்தது, மண்டை ஓடு பொறித்து, முதுகில் ரம்பப் பல் வைத்த ஒரு கறுப்புக் கத்தி. "இது சினிமாவுல சண்டை போடுறவனுக்கு," என்று தள்ளி வைத்தீர்கள். அடுத்தது பார்க்க அழகு, தோல் உறை. தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினீர்கள். கத்தி நழுவிக் கல்லாவின் கண்ணாடியில் விழுந்தது. இக்கா முகம் மாறிவிட்டது. "தோல் உறை நாள் ஆக ஆகத் தளரும். இங்க அடிக்கிற உப்புக் காத்துக்கும் வேர்வைக்கும் பூசணமும் பிடிக்கும்," என்றீர்கள், அவருக்கு ஆறுதல் சொல்வது போல.

மூன்றாவதாக வந்தது ஒரு சாதாரணக் கத்தி. சாம்பல் நிறப் பிடி. ஆள்காட்டி விரல் நீளத்துக்கு அலகு. உறை கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். நீங்கள் அந்தச் சத்தத்தை நாலைந்து முறை கேட்டீர்கள். பிறகு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிடி கீழே தொங்க, கடை நடுவில் நின்று மூன்று தரம் குதித்தீர்கள். வலை வாங்க வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். நான் உங்களைத் தெரியாதவள் மாதிரித் தூண்டில் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டீர்களா? ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு பிடியை இறுக்கிப் பார்த்தீர்கள். "மூணு விரல் அடங்குது, வழுக்கல. கனமும் இல்ல, நாள் பூரா கிடந்தா பிடரி வலிக்காது." ஒரு பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பார்த்தீர்கள். கடைசியில், முனையைச் சாணைச் சக்கரத்தில் மழுக்கித் தரச் சொன்னீர்கள்.

"முனை இல்லாத்த கத்தி எந்தினா?" என்றார் இக்கா.

"நாங்க யாரையும் குத்தப் போகல. சாக்குத் தையலை அறுக்கணும், அவ்வளவுதான்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் கயிற்றைக் காட்டினார். தடித்த நைலான் கயிறு. ஆளைக் கட்டித் தூக்கினாலும் அறாது என்று பெருமையாகச் சொன்னார். நீங்கள் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, உருவி அவரிடமே கொடுத்தீர்கள்.

"அறாத கயிறு எங்களுக்கு வேண்டாம்."

நீங்கள் விலையைக் குறைக்கப் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று கத்திகளில் அது மலிவானதும் இல்லை, விலை கூடியதும் இல்லை. இரண்டு வாங்கினோம். வெளியே வரும்போது நான் கல்லாவுக்குத் திரும்பி, வேண்டாம் என்று நீங்கள் வைத்துவிட்டு வந்த கயிற்றில் என் பங்கை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இது உங்களுக்கு அன்று தெரியாது.

வீட்டில் பருத்தி நாடாவை அளந்து வெட்டி, இரண்டு முனையையும் வெறும் தையல் நூலால் இணைத்தீர்கள். ஆணியில் மாட்டி இழுத்துக் காட்டினீர்கள். பட்டென்று அறுந்தது. "இப்படித்தான் அறணும்," என்றீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நூல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாக்கின் காதில் மாட்டினால் அறும். யாராவது தோளைப் பிடித்து இழுத்தால் அறும். ஒரே வாரத்தில் மூன்று தரம் என் கத்தி தரையில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் கைப்பையில் இருந்த நைலான் கயிற்றை எடுத்து மாட்டி, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

நான் கை கழுவக் குனிந்தபோது நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உங்கள் கத்தியை எடுத்து என் கயிற்றை அறுத்தீர்கள். மடியிலிருந்து நாடாவை எடுத்து நூல் கட்டி என் கழுத்தில் போட்டுவிட்டீர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் செய்வது போல. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் கழுத்து, என் கயிறு. உங்களுக்கு என்ன?" என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சல்லடை மெஷினுக்கு அடியில் ஒரு சாக்குத் துணுக்கு சிக்கிக்கொண்டது. நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். யாரும் நிறுத்துவதில்லை, நானும் நிறுத்தவில்லை. குனிந்தேன். கோட்டின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. கத்தி முன்னால் ஊசலாடியது. யாரோ பிடரியைப் பற்றி இழுத்தது போல் இருந்தது. என் முகம் மெஷினைச் சுழற்றுகிற ரப்பர் பெல்ட்டை நோக்கிப் போனது. எவ்வளவு கிட்டே போனேன் என்றால், ரப்பர் சூடேறின வாசனை மூக்கில் ஏறியது. அப்புறம் 'பட்'. நான் பின்பக்கமாகச் சுக்குக் குவியலில் விழுந்தேன். கத்தி எங்கோ தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. நாடா பெல்ட்டோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தது நீங்கள். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். அதைச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் என் பிடரியைத் திருப்பிப் பார்த்தீர்கள். தோல் மட்டும் சிவந்திருந்தது. முந்தானையை நனைத்து அங்கே வைத்து அழுத்தினீர்கள். பிறகு உங்கள் கண் என் நெஞ்சுக்கு வந்து நின்றது. குனிந்தபோது என் தாலிச் சங்கிலியும் கோட்டுக்கு வெளியே வந்து தொங்கியிருக்கிறது. கத்திக்கு நாலு விரல் தள்ளி.

அப்போதுதான் சொன்னீர்கள்.

"மில்லுல எனக்குப் பக்கத்து மெஷின்ல ஒருத்தி நின்னா. அவளுக்கும் எனக்கும் ஒரே மாசத்துலதான் கல்யாணம். புதுத் தாலிக் கயிறு, மஞ்சள்கூட மங்கல." நனைத்த முந்தானையை மறுபடி பிழிந்தீர்கள். "அது அறல இசக்கி."

ஷைலஜாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"கத்திக் கயித்தைச் சொல்ல எனக்கு வாய் வந்துது. தாலியைச் சொல்ல வாய் வரல. தம்பி பொண்டாட்டிகிட்ட அந்த வார்த்தையை எப்படிச் சொல்லுவேன்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

சொல்லிவிட்டு உங்கள் கைகளைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனீர்கள். உங்கள் தாலியை நீங்களே கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிபன் டப்பாவின் மூடியில் வைத்தீர்கள். வயதான ஒருத்தி "ஐயோ, வேண்டாம்மா" என்றாள். "கழுத்துல கிடக்கிறது எதுவும் கழுத்தைவிடப் பெருசில்லக்கா," என்றீர்கள் அவளிடம். என்னைக் கழற்றச் சொல்லவில்லை. நானாகத்தான் கழற்றினேன். இரண்டு தாலியும் அந்த மூடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மறுநாள் மூன்றாயின. மாதக் கடைசியில், மெஷின் ஓடுகிற நேரத்தில் யார் கழுத்திலும் எதுவும் இல்லை, அறுந்து போகிற நாடாவைத் தவிர. அதற்குள் பெல்ட்டுக்குக் கம்பி வலையும் வந்துவிட்டது. வலை வரும்வரை சுவிட்சைப் போட மாட்டோம் என்று முதலாளி முன்னால் போய் நின்றது நீங்கள். அன்று நான் குனிந்துகொள்ளவில்லை, உங்கள் பக்கத்தில் நின்றேன்.

பெல்ட் இழுத்த அன்று இரவு வீட்டில் உங்கள் தம்பி என் பிடரியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள், "புது ரவிக்கை, உரசியிருக்கும்," என்றீர்கள். தெரிந்தால் வேலையை விடச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். தாலியைக் கழற்றி வைப்பது தெரிந்தால் என்ன சொல்வார் என்று நம் இருவருக்குமே தெரியாது. ஏழு வருடம் அதை நாம் இரண்டு பேருமாக மறைத்தோம். புருஷனுடைய அக்காவும் நானும் சேர்ந்து அவரிடம் ஒன்றை மறைத்தோம் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். பத்து நாள்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகிவிடும். "கஞ்சி குடிக்கிறீங்களா மதினி?" என்றுதான் கேட்க வந்தது. நீங்களும் "மதி, போதும்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். உங்கள் தம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்க, என்றும் இல்லாமல், கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார். நான் வெறுங்கழுத்தோடு வெளியே போனேன். அவர் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் சாயாக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நீங்கள் குதித்தது, நான் கயிற்றை ஒளித்தது, பெல்ட்டு, மில்லில் உங்கள் தோழி, எல்லாம். சாயா ஆறி ஆடை படிந்துவிட்டது.

"அக்காவும் கழத்துனாளா?"

"அவங்கதான் முதல்ல."

நகரசபை வேலையில் எத்தனையோ சாவைப் பார்த்தவர், நீங்கள் போனபோதுகூட அழாதவர். அன்று தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு குவளையை வைத்துவிட்டுச் சொன்னார்: "டிபன் டப்பாவுல வைக்காத, தொலைஞ்சிரும். நாளையில இருந்து வீட்டுலயே வச்சிட்டுப் போ."

இப்போது அப்படித்தான் செய்கிறேன், மதினி. காலையில் பீரோவில் வைத்துவிட்டு வெறுங்கழுத்தோடு படி இறங்குகிறேன். சந்து முழுக்கப் பார்க்கிறது. போன வாரம் எதிர்வீட்டு அம்மா பொறுக்க மாட்டாமல், புருஷன் இருக்கும்போது இது என்ன கோலம் என்று உங்கள் தம்பியிடமே கேட்டுவிட்டாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அது எங்க அக்கா வச்ச வழக்கம்," என்றார் அவர். "எங்க வீட்டுல அப்படித்தான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிடங்கு வரைக்கும் தலையை நிமிர்த்தியே நடந்து போனேன்.

உங்கள்
இசக்கி